சிபைத்தானா, பைபையா? ஒரே மொழியின் இரண்டு செயலாக்கங்களை நியாயமாக ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பைத்தான் நிரல் மொழியின் 3.14 பதிப்புக்காக, நிரலைப் படித்து ஓட்டும் இன்டர்பிரட்டர் ஒன்று புதுவகையில் தயாராகிக்கொண்டிருந்தது. பழையபடி ஒரே பெரிய லூப்பாக இல்லாமல், ஒவ்வொரு பைட்கோடுக்கும் (பைத்தான் உள்ளே பயன்படுத்தும் சின்னக் கட்டளைக்கும்) ஒரு சின்ன சி ஃபங்ஷன். ஒன்று முடியும் இடத்தில் அடுத்ததைக் கூப்பிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அளந்து பார்த்ததில் சராசரியாக 9 முதல் 15 விழுக்காடு வேகம் கூடியிருப்பதாகத் தெரிந்தது. இந்த முறைக்கு, சி நிரலை இயந்திரக் குறியீடாக மாற்றும் கிளாங் கம்பைலரின் 19 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு அப்போது வேண்டியிருந்தது. அதனால் பழைய இன்டர்பிரட்டரையும் கிளாங் 19-ஐக் கொண்டே கட்டி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினார்கள். ஒரே கம்பைலர், வேகத்தை அளக்க ஒரே பெஞ்ச்மார்க் தொகுப்பு. குறை சொல்ல இடமே இல்லாத ஏற்பாடு.

மார்ச் மாதம் விஷயம் வெளியே வந்தது. கிளாங் 19-இல் புகுந்திருந்த ஒரு பிழை பழைய இன்டர்பிரட்டரை மெதுவாக்கியிருந்தது. புதியது அவ்வளவு வேகமாக ஓடவில்லை, பழையதன் காலில்தான் கல் கட்டியிருந்தது. பைத்தான் குழு இதை மறைக்காமல் தங்கள் ஆவணத்திலேயே எழுதி, எண்ணை 3 முதல் 5 விழுக்காடு என்று குறைத்துக்கொண்டது. அந்த நேர்மைக்காக எனக்கு அவர்கள்மீது மதிப்பு கூடியது.

கம்பைலர்களோடு அன்றாடம் பழகுகிறவர்களுக்கே இது நடந்தது என்றால், ஒரு சனிக்கிழமை மாலை நாலு வரி லூப்பை எழுதி ஓட்டிப் பார்த்து “பைபை 40 மடங்கு வேகம்” என்று எழுதும் நமக்கு எத்தனை குழிகள் காத்திருக்கும்? இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி நடத்துவது வேறு, நியாயமாக நடத்துவது வேறு. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இந்த வேறுபாடுதான் திரும்பத் திரும்பத் தலைகாட்டும்.

பைத்தானை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். சிபைத்தான் என்பது நாம் எல்லோரும் நிறுவி வைத்திருக்கும், சி மொழியில் எழுதப்பட்ட மூலச் செயலாக்கம், அதாவது பைத்தான் நிரல்களை ஓட்டும் மென்பொருள். பைபை என்பது ஜிட் கம்பைலரோடு வரும் மாற்றுச் செயலாக்கம். நிரல் ஓடும்போதே, அடிக்கடி ஓடும் பகுதிகளைக் கவனித்து இயந்திரக் குறியீடாக மாற்றிக்கொள்ளும். ரூபியிலோ லுவாவிலோ இதே வேலையைச் செய்பவர்களுக்கும் படிகள் பெரிதாக மாறாது.

படி 1: கேள்வியை ஒரு வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள்

“எது வேகம்?” என்பது அளக்கக்கூடிய கேள்வி அல்ல. எதைச் செய்யும்போது, எவ்வளவு நேரம் ஓடும்போது, யாருக்கு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இந்தக் கட்டுரைக்கு நான் வைத்துக்கொள்ளும் கேள்வி இது: “பெரிய தமிழ் உரைக்கோப்புகளைப் படித்து, சொற்களை எண்ணி, அடிக்கடி வரும் சொற்களைப் பட்டியலிடும் ஒரு நிரல், இரவில் ஒருமுறை ஓடுகிறது. அதைச் சிபைத்தானிலிருந்து பைபைக்கு மாற்றினால் மொத்த நேரமும் மெமரியும் எப்படி மாறும்?”

இப்படி எழுதியதுமே பல முடிவுகள் தாமாக விழுந்துவிடும். இரவில் ஒருமுறை ஓடுவது என்பதால், தொடங்கும் நேரத்தையும் ஜிட் சூடாகும் நேரத்தையும் (அது முழு வேகத்துக்கு வரும்வரை ஆகும் நேரத்தையும்) சேர்த்தே கணக்கிட வேண்டும். மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும் சர்வர் என்றால், அந்த முதல் சில விநாடிகளுக்கு மதிப்பே இல்லை. கேள்வியை எழுதாமல் அளக்கத் தொடங்குகிறவர், எண்கள் வந்தபிறகு அவற்றுக்குப் பொருத்தமான கேள்வியைத் தேட ஆரம்பித்துவிடுவார். தெரிந்து செய்வதில்லை, கை தானாக அந்தப் பக்கம் போய்விடும். கேள்வியைத் தேதி போட்டு ஒரு கோப்பில் சேமித்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: இரண்டு பக்கத்துக்கும் ஒரே உழைப்பு

முதலில் மொழிப் பதிப்பு. பைபை எந்தப் பைத்தான் பதிப்பைப் பின்பற்றுகிறதோ, அதே பதிப்புச் சிபைத்தானை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது வெளியாகியிருக்கும் புதிய சிபைத்தானையும் கூடவே வையுங்கள். இரண்டும் வேண்டும். ஏனென்றால் சிபைத்தான் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 2022 அக்டோபரில் வந்த 3.11, பைபெர்ஃபார்மன்ஸ் என்ற பைத்தான் பெஞ்ச்மார்க் தொகுப்பில் 3.10-ஐவிடச் சராசரியாக 25 விழுக்காடு வேகம். பழைய 3.8-ஓடு ஒப்பிட்டு ஒருவர் எழுதிய “இத்தனை மடங்கு” என்ற எண்ணை இன்றைக்கு எடுத்துப் பேசினால், சிபைத்தான் குழுவின் பல ஆண்டு உழைப்பை அழித்துவிட்டுப் பேசுகிறோம் என்று பொருள்.

அடுத்தது, எப்படிக் கட்டப்பட்டது என்பது. நான் ஒருமுறை இதில் சறுக்கியிருக்கிறேன். சிபைத்தானின் மூலத்தை இறக்கி, எந்தத் தெரிவும் கொடுக்காமல் வெறுமனே கட்டிக்கொண்டேன். பைபைக்கு, அதன் குழுவே கட்டித் தயாராக வெளியிட்ட பைனரியை எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் அளந்து, வரைபடம் எல்லாம் போட்டு, உடன் வேலை செய்பவரிடம் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “சிபைத்தானை ஆப்டிமைசேஷனோடுதானே கட்டினீங்க?” இல்லை. சிபைத்தானில் ‘எனேபிள் ஆப்டிமைசேஷன்ஸ்’ என்றொரு தெரிவு இருக்கிறது. அதைக் கொடுத்தால், ஒருமுறை கட்டி, மாதிரி வேலைகளை ஓட்டிப் பார்த்து, எந்தப் பாதை அடிக்கடி பயன்படுகிறது என்று குறித்துக்கொண்டு, அதற்கேற்ப மறுபடி கட்டும். லிங்க் செய்யும்போது மொத்த நிரலையும் சேர்த்துச் செப்பனிடும் எல்டிஓ தெரிவு தனி. வேகம் முக்கியமான நிஜ வேலைக்கு, இந்த இரண்டும் இல்லாத சிபைத்தானை வைத்துக்கொள்வது நியாயமான ஒப்பீடு ஆகாது. என் இரண்டு நாள் எண்களையும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

பழக்கமில்லாத பக்கத்தில்தான் இந்த மாதிரித் தவறுகள் குவியும் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அப்படி இல்லை. நமக்குப் பிடித்த செயலாக்கத்தைப் பார்த்துப் பார்த்துத் தயார் செய்கிறோம். ஒப்பிடுவதற்காக வைத்திருக்கும் மற்றதை, இருக்கிறபடியே எடுத்துக்கொள்கிறோம். பிழை அங்கேதான் ஒளிந்திருக்கும். கிளாங் 19 கதையும் அதுதானே. புதிய இன்டர்பிரட்டரின் எண்ணை எல்லோரும் பார்த்தார்கள், பழையதன் வேகம் வழக்கத்தைவிடக் குறைந்திருப்பது கண்ணில் படவில்லை. ஆகவே பழைய பக்கத்துக்கு இன்னொரு கம்பைலரால், முடிந்தால் ஜிசிசியால் கட்டிய பதிப்பு ஒன்றையும் வைத்துச் சரிபாருங்கள். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி தெரிந்தால் நிறுத்திக் காரணம் தேடுங்கள்.

படி 3: எந்த நிரலை ஓட்டுவது

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

என்-பாடி, ஃபான்குக், மாண்டெல்பிராட் போன்ற சின்னச் சின்ன நிரல்கள் காலங்காலமாகப் பெஞ்ச்மார்க்குகளில் வலம் வருகின்றன. ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தனியாகத் துருவிப் பார்க்க அவை நல்லவை. அவற்றை மட்டும் வைத்து ஒரு செயலாக்கத்தின் தரத்தை முடிவுகட்டக் கூடாது. எண்களை லூப்பில் கூட்டிப் பெருக்கும் வேலையில் ஜிட் கொழுத்த வெற்றி பெறும், நிஜ நிரல்களில் அந்த மாதிரி லூப் ஒரு மூலையில்தான் இருக்கும். பைபெர்ஃபார்மன்ஸ் தொகுப்பு இதைவிட மேல். அதன் வேர் 2009-இல் கூகுளில் தொடங்கிய அன்லேடன் ஸ்வாலோ திட்டத்தில் இருக்கிறது. பைத்தானை ஐந்து மடங்கு வேகமாக்குவது என்ற அந்தத் திட்டத்தின் இலக்கு கைகூடவில்லை. ஆனால் அது விட்டுச்சென்ற பெஞ்ச்மார்க்குகள் இன்றுவரை எல்லோருக்கும் உதவுகின்றன. அந்தத் தொகுப்பையும் ஓட்டுங்கள், உங்கள் நிரலையும் ஓட்டுங்கள். உங்கள் கேள்விக்கான விடை உங்கள் நிரலில்தான் இருக்கிறது.

அப்புறம், நிரல் எழுதிய விதம். சொல்லெண்ணும் நிரலின் கடைசியில் அறிக்கையை ஒரே சரமாக (எழுத்துத் தொடராக) தொகுக்கிறோம் என்று வையுங்கள். லூப்புக்குள் ஒவ்வொரு வரியையும் கூட்டல்-சமக் குறி போட்டு அந்தச் சரத்தோடு ஒட்டிக்கொண்டே போகிறோம். சிபைத்தானில் இது வேகமாகவே ஓடும். அந்தச் சரத்தை வேறு யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்று அதன் ரெஃபரன்ஸ் எண்ணிக்கையைப் பார்த்தே தெரிந்துகொண்டு, புதிதாக நகலெடுக்காமல் இருந்த இடத்திலேயே நீட்டிவிடும். பைபையில் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை கிடையாது. ஒவ்வொரு முறையும் முழுச் சரத்தையும் நகலெடுக்கும். வரிகள் இரண்டு மடங்கானால் நேரம் நாலு மடங்காகும். அதே வேலையை, துண்டுகளை ஒரேயடியாக இணைக்கும் ஜாயின் கொண்டு எழுதினால் இரண்டிலும் நன்றாக ஓடும்.

ஆகவே “ஒரே நிரலைத்தான் இரண்டிலும் ஓட்டினேன்” என்பது மட்டும் போதாது. அந்த நிரல் எந்தச் செயலாக்கத்தின் மடியில் வளர்ந்தது என்றும் கேட்க வேண்டும். பெரும்பாலான பைத்தான் நிரல்கள் பல ஆண்டுகளாகச் சிபைத்தானில் ஓடி, அதன் குணத்துக்கேற்பச் செதுக்கப்பட்டவை. நான் செய்வது, இரண்டு பதிப்பாக அளப்பது. ஒன்று, இருக்கிறபடியே. இன்னொன்று, அந்தந்தச் செயலாக்கத்தை அறிந்தவர் அரைநாளில் செய்யக்கூடிய திருத்தங்களோடு. திருத்தம் செய்தால் இரண்டு பக்கத்துக்கும் அதே அரைநாள். முடிவில் இரண்டு எண்களையும் காட்டுவேன். மாற்றிப் பார்க்க நினைப்பவருக்கு முதல் எண் தேவை, மாறிவிட்டவருக்கு இரண்டாவது.

சி மொழியில் எழுதிய லைப்ரரிகள் அடுத்த சிக்கல். எண்கணக்குக்கான நம்பை போன்றவை சிபைத்தானின் உள்ளமைப்பை நம்பி எழுதப்பட்டவை. பைபை அந்த உள்ளமைப்பை ஒரு பொய்த்தோற்றமாகக் காட்டித்தான் அவற்றை ஓட்ட வைக்கிறது, எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு அழைப்புக்கும் கூடுதல் செலவு உண்டு. உங்கள் நிரல் சின்னச் சின்ன அழைப்புகளாக நம்பையைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் பைபை தடுமாறும். அது பைபை ஜிட்டின் தோல்வி அல்ல, ஆனால் உங்களுக்கு ஆகும் செலவு உண்மையானது. இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

இனி உள்ளீடு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை, ஏனென்றால் தமிழில் வேலை செய்பவர்களை இது நேராகத் தொடுகிறது. ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் 3 எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறியீட்டுப் புள்ளிகள். சிபைத்தான், பதிப்பு 3.3 முதல், சரத்தில் வரும் மிகப் பெரிய குறியீட்டைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 1, 2 அல்லது 4 பைட் ஒதுக்குகிறது. தமிழுக்கு 2. ஆகவே உள்ளே 10 பைட். பைபையோ 2019-இல் வந்த 7.1 பதிப்பிலிருந்து சரங்களை, கோப்புகளில் யூனிகோடைச் சேமிக்க வழக்கமாகப் பயன்படும் யுடிஎஃப்-8 வடிவிலேயே வைத்துக்கொள்கிறது. அதில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 15. ஆங்கில எழுத்துகளில் அதே சொல்லை எழுதினால் 5 எழுத்து, இரண்டிலும் 5 பைட்.

இதன் விளைவுகளைப் பாருங்கள். கோப்பு யுடிஎஃப்-8 வடிவில் இருக்கும்போது, படிக்கும் வேலையில் பைபைக்குச் சாதகம். வடிவம் மாற்ற வேண்டியதில்லை, சரிபார்த்தால் போதும். சரத்தின் நடுவே ‘ஆயிரமாவது குறியீடு எது’ என்று கேட்டால் சாதகம் சிபைத்தான் பக்கம் போய்விடும். எல்லாம் ஒரே அளவு என்பதால் நேராகப் போய் எடுத்துவிடும். பைபை, ஆங்கிலம் மட்டும் உள்ள சரமாக இருந்தால் அதையே செய்யும், தமிழ் என்றால் எது எங்கே இருக்கிறது என்று தனியாக ஒரு அட்டவணை கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இன்னொன்று: நீளமான தமிழ் உரைக்குள் ஒரே ஒரு எமோஜி வந்துவிட்டால், சிபைத்தானில் பெரும்பாலும் அந்த முழுச் சரமும் குறியீட்டுக்கு 4 பைட்டாக வீங்கும்.

ஆங்கில நாவல் ஒன்றை உள்ளீடாக வைத்துச் செய்த உரைப் பெஞ்ச்மார்க், தமிழ் உரைக்கு எதையும் உறுதி சொல்லாது. இரண்டு செயலாக்கங்களிலும் அது வேறு பாதையில் ஓடியிருக்கும். உங்களிடம் உண்மையிலேயே வரும் கோப்புகளையே, அவற்றின் எமோஜி, ஆங்கிலக் கலப்பு, காலி வரிகளோடு அப்படியே கொடுங்கள்.

படி 4: விடை ஒன்றா என்று பாருங்கள்

இது சின்னப் படி, ஆனால் தாண்டக் கூடாது. ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் வெளியீட்டின் செக்சம்மை (அதிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணை) எழுதச் சொல்லி, இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். இதில் இன்னொரு பயனும் உண்டு. கணக்கிட்ட மதிப்பை யாரும் பயன்படுத்தவில்லை என்று தெரிந்தால், ஜிட் அந்தக் கணக்கையே தூக்கிவிடலாம். அப்போது ஒன்றும் செய்யாமல் இருப்பதன் வேகத்தைத்தான் அளந்திருப்போம். விடையை வெளியே எடுத்துக் காட்டினால் அந்த ஆபத்து இல்லை. கோப்புகளை ‘வித்’ போட்டே திறந்து மூடுங்கள். அது இல்லாவிட்டால் சிபைத்தான் தானாக உடனே மூடிவிடும், பைபையோ பயன்படாத மெமரியைத் திரும்ப எடுக்கும் தன் கார்பேஜ் கலெக்டர் வரும்வரை திறந்தே வைத்திருக்கும்.

படி 5: கணினியை அமைதிப்படுத்துங்கள்

மடிக்கணினியாக இருந்தால் மின்னிணைப்பில் வையுங்கள், பேட்டரியில் ஓட்டவே வேண்டாம். உலாவி, செய்திச் செயலிகள், தானியங்கிப் புதுப்பிப்பு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சிபியுவின் வேகத்தைத் தற்காலிகமாகக் கூட்டும் டர்போ பூஸ்ட்டை அணையுங்கள். குளிர்ந்த கணினியில் முதலில் ஓடுபவருக்கு அது அதிக வேகத்தைக் கொடுத்துவிட்டு, சூடானபிறகு ஓடுபவரிடமிருந்து பறித்துக்கொள்ளும். சென்னையின் மே மாத மதியத்தில், ஏசி இல்லாத அறையில் ஒரு மடிக்கணினியை வைத்து அளந்தால் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். லினக்ஸில், பெஞ்ச்மார்க்குகளை ஓட்டி அளக்கும் பைபெர்ஃப் கருவியின் ‘சிஸ்டம் ட்யூன்’ கட்டளை இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றைத் தானே செய்துவிடும். அளந்து முடித்ததும் பழைய நிலைக்குத் திருப்ப மறந்துவிடாதீர்கள். வாடகைக்கு எடுத்த கிளவுட் கணினியில், பக்கத்து வாடகைக்காரர் என்ன செய்கிறார் என்பது உங்கள் எண்ணில் கலந்துவிடும். வேறு வழியில்லை என்றால் ஓட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

படி 6: சூடாகும் நேரத்தை என்ன செய்வது

பைபை ஒரு லூப்பைப் பார்த்த உடனே கம்பைல் செய்வதில்லை. இயல்பான அமைப்பில் ஒரு லூப் 1039 முறை சுற்றியபிறகுதான் அதை ‘சூடானது’ என்று எடுத்துக்கொண்டு பதிவுசெய்யத் தொடங்கும். ஃபங்ஷனுக்கு அந்த எண் 1619. அதுவரை சாதாரண இன்டர்பிரட்டராகத்தான் ஓடும், அந்த நிலையில் சிபைத்தானைவிட மெதுவாகவே இருக்கும். தோசைக்கல் காய்வதற்குள் ஊற்றிய முதல் தோசையைப் பார்த்துக் கடையின் தரத்தைச் சொல்ல முடியாது என்று ஜிட் பக்கம் இருப்பவர்கள் வாதிடுவார்கள். சரிதான். ஆனால் ஒரே ஒரு தோசை வாங்கிக்கொண்டு போகும் வாடிக்கையாளருக்கு அந்த முதல் தோசைதான் கிடைக்கிறது. அரை விநாடியில் முடியும் கட்டளைவரி நிரலுக்கு, சூடானபிறகு உள்ள வேகத்தைக் காட்டுவது ஏமாற்று. பல நாள் ஓடும் சர்வருக்கு, சூடாகும் நேரத்தைச் சேர்த்துக் காட்டுவதும் ஏமாற்றுதான். படி 1-இல் எழுதிய வாக்கியம் இங்கே கைகொடுக்கும்.

“முதல் பத்து ஓட்டத்தைத் தள்ளிவிட்டு மிச்சத்தைச் சராசரி எடுத்தேன்” என்பது பலரும் செய்வது. அந்தப் பத்து எங்கிருந்து வந்தது? பாரெட், போல்ஸ்-டெரெய்க், கில்லிக், மவுன்ட், டிராட் ஆகிய ஐவர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகவே சோதித்தது. இவர்களில் போல்ஸ்-டெரெய்க் பைபையை உருவாக்கியவர்களில் ஒருவர். பைபை, ஜாவாவின் ஹாட்ஸ்பாட், ஜாவாஸ்கிரிப்டின் வி8, லுவாவின் லுவாஜிட் உள்ளிட்ட பல செயலாக்கங்களை எடுத்துக்கொண்டு, சின்னச் சின்ன நிரல்களை ஒவ்வொரு பிராசஸிலும் (புதிதாகத் தொடங்கிய ஒவ்வொரு ஓட்டத்திலும்) 2000 முறை சுற்றவிட்டார்கள். இப்படி 30 பிராசஸ். எல்லாம் சூடாகி, ஒரு உச்ச வேகத்தை எட்டி, அதிலேயே நிலைக்கும் என்பதுதான் எல்லோருடைய நம்பிக்கை. ஒரு செயலாக்கம், ஒரு நிரல் என்று சேர்த்த இணைகளில் அதிகபட்சம் 43.5 விழுக்காடுதான் தொடர்ச்சியாக அப்படி நடந்துகொண்டன. மற்றவற்றில் சில, போகப்போக மெதுவாயின. சில, நிலைக்கவே இல்லை. சில, ஒரு பிராசஸில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் ஓடின.

ஆகவே எண்ணைத் தள்ளுவதற்கு முன் வரைந்து பாருங்கள். கிடைமட்டத்தில் சுற்று எண், செங்குத்தில் அந்தச் சுற்றுக்கு ஆன நேரம். ஒரு பிராசஸுக்கு ஒரு கோடு. இறங்கிச் சமமாகும் கோடாக இருந்தால், எங்கே சமமாகிறதோ அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஏறும் கோடோ, படிக்கட்டுப்போல மேலும் கீழும் தாவும் கோடோ வந்தால், ஒற்றை எண்ணாகச் சுருக்காமல் படத்தையே காட்டுங்கள். சிபைத்தானுக்கும் அதே படத்தை வரையுங்கள். 3.11 முதல் அதுவும் ஓடும்போது தன் பைட்கோடை நிரலுக்கேற்ப மாற்றிக்கொள்கிறது, 3.13-இல் பரிசோதனை நிலையில் ஒரு ஜிட்டும் வந்திருக்கிறது.

இந்த இடத்தில், நேரம் அளக்கும் கருவியான டைம்-இட் பற்றி ஒரு வார்த்தை. பைத்தானோடு கூடவே வருவதால் எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள். அது அளக்கும்போது கார்பேஜ் கலெக்டரை நிறுத்திவைக்கிறது. சிபைத்தானில் வட்டமாகப் பிணைந்த பொருள்களை மட்டும் பார்த்துக்கொள்ளும் கலெக்டர் அது. மற்றதெல்லாம் ரெஃபரன்ஸ் எண்ணிக்கையால் வழக்கம்போல நடக்கும். பைபையில் மொத்த மெமரி வேலையும் கலெக்டர் கையில். ஆகவே ‘நிறுத்து’ என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு இடத்திலும் ஒரே பொருள் இல்லை. கிடைத்தவற்றில் மிகக் குறைந்த நேரத்தை எடுத்துக்கொள்ளும் வழக்கமும் ஜிட்டுக்குப் பொருந்தாது, கலெக்டர் வேலை செய்த சுற்றுகளை அது கண்ணிலிருந்து மறைத்துவிடும். பைபையோடு வரும் டைம்-இட், தன்னை நம்ப வேண்டாம், பைபெர்ஃப் போன்ற ஒன்றைப் பயன்படுத்துங்கள் என்று தானே எச்சரிக்கை அச்சிடுகிறது.

படி 7: எத்தனை முறை, எந்த வரிசையில்

ஒரே பிராசஸுக்குள் ஆயிரம் முறை சுற்றுவதால் மட்டும் நம்பிக்கை கூடாது. பிராசஸ் தொடங்கும்போது மெமரியில் எது எங்கே விழுகிறது, சரங்களின் ஹேஷ் விதை (அகராதியில் சொற்கள் விழும் இடத்தை மாற்றும் தற்செயல் எண்) என்ன என்பதெல்லாம் ஒருமுறை முடிவாகி, அந்தப் பிராசஸ் முழுக்க மாறாமல் இருக்கும். அந்த அதிர்ஷ்டத்தைச் சராசரி ஆக்க, புதிய பிராசஸ்கள் வேண்டும். பைபெர்ஃப் சிபைத்தானுக்கு இயல்பாகவே 20 பிராசஸ் தொடங்கி, ஒவ்வொன்றிலும் 3 மதிப்பு எடுப்பது இதற்காகத்தான். ஹேஷ் விதையை ஒரே எண்ணில் கட்டிவைப்பது சிலருக்குப் பிடிக்கும், எண்கள் அழகாக ஒன்றுபோல வரும். ஆனால் அது ஒரே ஒரு சீட்டைத் திரும்பத் திரும்ப எடுப்பதுதான்.

இந்த அதிர்ஷ்டம் எவ்வளவு பெரியது என்பதை 2009-இல் மிட்கோவிச், திவான், ஹவுஸ்விர்த், ஸ்வீனி ஆகிய நால்வர் காட்டினார்கள். லினக்ஸில் சூழல் மாறிகளின் (ஓடும் நிரலுக்கு இயங்குதளம் கொடுக்கும் அமைப்பு மதிப்புகளின்) மொத்த நீளம் மாறினாலே, மெமரியில் நிரலின் அடுக்கு (ஸ்டாக்) தொடங்கும் இடம் நகர்ந்து, நிரலின் வேகம் மாறுகிறது. பயனர்பெயரும் அந்த மாறிகளில் இருப்பதால், பெயர் நீளமான ஒருவர் அளந்தால் ஒரு முடிவு, குட்டிப் பெயர்க்காரர் அளந்தால் வேறு முடிவு என்றுகூட ஆகலாம். ஒரு ஆப்டிமைசேஷன் நன்மையா தீமையா என்பதே தலைகீழாகும் அளவுக்கு அந்த மாற்றம் இருந்தது. அதனால் நான், ஓட்டங்களுக்கு நடுவே நீளம் மாறும் ஒரு வெற்று மாறியைச் சூழலில் சேர்த்துவிடுகிறேன். செலவில்லாத காப்பு.

வரிசையும் முக்கியம். காலையில் சிபைத்தான் எல்லாம், மதியம் பைபை எல்லாம் என்று ஓட்டாதீர்கள். ஒன்று விட்டு ஒன்று, அடுத்த சுற்றில் வரிசையைத் திருப்பி ஓட்டுங்கள். அறை சூடானாலும் பின்னணியில் ஏதோ விழித்தாலும் இரண்டு பக்கமும் சமமாகத் தாங்கும்.

படி 8: மெமரி

நேரத்தை மட்டும் காட்டுவது பாதிக் கதை. ஒவ்வொரு பிராசஸின் உச்ச மெமரியையும் பதிவுசெய்யுங்கள், ஜிஎன்யூ டைம் கட்டளை அதைத் தரும். கலெக்டர் உள்ள செயலாக்கம் மெமரியைத் தாராளமாக எடுத்துக்கொண்டு வேகத்தை வாங்கலாம். உங்கள் சர்வரில் நாலு பிராசஸ் ஓட இடமிருந்த இடத்தில் இரண்டுதான் ஓடும் என்றால், இரண்டு மடங்கு வேகத்தால் லாபம் இல்லை.

படி 9: பல எண்களை ஒன்றாக்குவது

முடிந்தால் ஒன்றாக்கவே வேண்டாம். ஒவ்வொரு நிரலுக்கும் தனி வரி போட்டு, அதன் நம்பக இடைவெளியோடு (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லையோடு) காட்டுங்கள். ஒரே எண் வேண்டும் என்று கேட்பவர்கள் இருப்பார்கள் என்பதால் அந்தக் கணக்கையும் பார்த்துவிடுவோம். கீழே உள்ளவை விளக்கத்துக்காக நானே வைத்த எண்கள், அளந்தவை அல்ல.

முதல் நிரல்: சிபைத்தானில் 8 விநாடி, பைபையில் 2. இரண்டாவது: சிபைத்தானில் 3, பைபையில் 6.

பைபை நேரத்தைச் சிபைத்தான் நேரத்தால் வகுத்தால் 0.25, 2. கூட்டிப் பாதியாக்கினால் 1.125. அதாவது பைபை சராசரியாக எட்டில் ஒரு பங்கு மெதுவு. இப்போது திருப்பி வகுங்கள்: 4, 0.5. சராசரி 2.25. பைபை இரண்டேகால் மடங்கு வேகம்! அதே நாலு எண்கள், அதே கூட்டல் சராசரி. எதை எதால் வகுத்தோம் என்பதைப் பொறுத்து வெற்றியாளரே மாறிவிட்டார். பெருக்கல் சராசரி எடுத்தால், அதாவது இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால், ஒரு பக்கம் 0.707, மறுபக்கம் 1.414. 1-ஐ இவற்றில் ஒன்றால் வகுத்தால் மற்றது வரும், எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே கதை. ஃபிளெமிங்கும் வாலஸும் 1986-லேயே இதை விளக்கி எழுதிவிட்டார்கள்.

பெருக்கல் சராசரியும் எல்லா நிரலுக்கும் ஒரே எடை கொடுக்கிறது. உங்கள் இரவில் முதல் நிரல் நூறு முறையும் இரண்டாவது ஒருமுறையும் ஓடுகிறது என்றால், அந்த எண்ணிக்கையால் பெருக்கிய மொத்த நேரம்தான் உங்களுக்கு வேண்டியது: சிபைத்தானில் 803 விநாடி, பைபையில் 206.

நம்பக இடைவெளிக்கு, பிராசஸ்களை அலகாக வைத்து பூட்ஸ்ட்ராப் செய்யுங்கள், அதாவது கிடைத்த மதிப்புகளிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துக் கணக்கிடுங்கள். ஒரே பிராசஸின் ஆயிரம் சுற்றுகளை ஆயிரம் தனிச் சான்றுகளாக எண்ணினால் இடைவெளி பொய்யாகக் குறுகிவிடும். இரண்டு இடைவெளிகளும் நன்றாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், “வேறுபாடு தெரியவில்லை” என்று எழுதுங்கள். அதுவும் ஒரு விடைதான், சில சமயம் பயனுள்ள விடை.

படி 10: வெளியிடுவதற்கு முன்

செயலாக்கங்களின் பதிப்பு எண், கட்டிய கம்பைலரும் தெரிவுகளும், சிபியு, இயங்குதளம், டர்போ நிலை, உள்ளீட்டுக் கோப்புகள், ஓட்டும் ஸ்கிரிப்ட், சுருக்காத எல்லா எண்களும் ஒரே அடைவில் இருக்கட்டும். பைபெர்ஃப் தன் ஜேசன் கோப்பிலேயே இவற்றில் பலவற்றைப் பதிந்துவிடுகிறது. யாரையாவது ஒருவரை, உங்கள் உதவி இல்லாமல் அவர் கணினியில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் எங்கே சிக்குகிறாரோ அங்கே உங்கள் குறிப்பில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது.

அப்புறம், தோற்ற பக்கத்தின் டெவலப்பர்களுக்கு அதை அனுப்புங்கள். பைபை தோற்றால் பைபை குழுவுக்கு, சிபைத்தான் தோற்றால் சிபைத்தான் குழுவுக்கு. “எங்கே தவறு செய்திருக்கிறேன் என்று பாருங்கள்” என்று ஒரு வரி போதும். பைபை குழு, பைபையில் மெதுவாக ஓடும் நிரல்களைப் பிழையாகவே எடுத்துக்கொண்டு பார்ப்பார்கள். இரண்டு வாரம் காத்திருங்கள். பதில் வந்து எண் மாறினால், பழைய எண்ணை அழிக்காமல், மாறிய காரணத்தோடு புதியதைப் பக்கத்திலேயே போடுங்கள். சிபைத்தானின் அடுத்த பெரிய வெளியீடு ஒவ்வொரு அக்டோபரிலும் வருகிறது. ஸ்கிரிப்ட் தயாராக இருந்தால் அன்றிரவே மறுபடி ஓட்டிவிடலாம்.